ஐந்தாவது ஆள் திரும்பி வரவில்லை

கிருபாபுரத்துச் சபைக் கோயிலுக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்த காலத்தில், அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் பதினான்கு வருஷமாக ஒரே ஒரு பாக்கியசீலி உட்கார்ந்திருந்த காலத்தில், ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, கோயில் ஆபீஸ் அறைக்குள்ளிருந்து ஐந்து ஆட்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். அவர்கள் உள்ளே போனதை யாரும் பார்க்கவில்லை. அவர்கள் உள்ளே போகவே இல்லை. ஐந்து பேருக்கும் சாம்பல் நிறச் சட்டை, சாம்பல் நிறப் பேன்ட், காலில் செருப்பில்லை, கையில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. கோயில் முற்றத்தில் வேப்பம்பழம் கூட்டிக்கொண்டிருந்த கனகம், "வாங்க, வாங்க, எந்த ஊருப் பிள்ளைகள் நீங்க?" என்று கேட்டாள். முதல் ஆள் சீட்டைப் பார்த்து, "பேக்கேஜுக்குள்ளேயிருந்து வாரோம்" என்றான். அப்படியா என்று கனகம் துடைப்பத்தை ஒதுக்கி வழிவிட்டாள்.

விஷயம் இதுதான். தலைமை அலுவலகத்திலிருந்து எல்லாச் சபைகளுக்கும் ஒரு பென் டிரைவ் வந்திருந்தது. அதில் இருக்கிற பேக்கேஜைக் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்துவிட்டால் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் அதிலேயே பதிவாகும், இனிமேல் கல்யாண ஓலையைக் கையால் எழுதி வாசிக்கக் கூடாது, நம்பர் போட்டு அச்சாகி வருகிற ஓலைதான் செல்லும் என்று கடிதமும் வந்திருந்தது. எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்பவர் இருந்தால் சொல்லலாம் என்று போதகர் பீடத்தில் நின்று கேட்பார். மூன்று ஓலையும் வாசித்தால்தான் தாலி.

அந்த மாதம் ஓலை வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஜோடிக்கு. மாப்பிள்ளை ஜெபசிங், கப்பலில் சமையல்காரர், பரோட்டா மடித்தால் கைக்குட்டை மடித்த மாதிரி இருக்கும். பெண் வேறு யாருமில்லை, இதே பாக்கியசீலிதான். அவளுக்கு முப்பத்தாறு வயசு. இரண்டு சம்பந்தம் வந்து, "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே போய்விட்டது. இது மூன்றாவது. இரண்டு ஓலை பழைய நோட்டிலிருந்து வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலை வருகிற ஞாயிறு, திங்கட்கிழமை கல்யாணம், புதன்கிழமை தூத்துக்குடியில் ஜெபசிங் கப்பல் ஏற வேண்டும், ஏறினால் ஒன்பது மாதம். மாப்பிள்ளையின் அக்கா கமலாபாய்க்கு இந்தச் சம்பந்தத்தில் மனசில்லை. பக்கத்து ஊர் நாசரேத்தில் அவள் வேறொரு பெண் பார்த்து வைத்திருந்தாள். "அச்சடிச்ச ஓலை வந்தா கல்யாணம். வரலேன்னா தம்பி கப்பலுக்குப் போயிட்டு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் 'பார்க்கலாம்' எப்படிப்பட்ட பார்க்கலாம் என்று சீலிக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஆகவே சீலி அந்தத் திங்கட்கிழமை ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டு இன்ஸ்டாலை அமுக்கினாள். பச்சைப் பட்டை ஒன்று திரையில் இடமிருந்து வலமாக முக்கால்வாசி ஊர்ந்து போய் நின்றது. அப்போதுதான் அந்த ஐந்து பேரும் வெளியே வந்தார்கள்.

முதல் ஆளின் வேலை இடம் இருக்கிறதா என்று பார்ப்பது. அவன் வீடு வீடாக நுழைந்து கட்டிலைத் தள்ளி, பீரோவைத் தள்ளி, தூங்கிக்கொண்டிருந்த டீக்கன் ரத்தினசாமியையும் ஒரு முழம் தள்ளி, "இடம் உண்டு, இடம் உண்டு" என்று சீட்டில் குறித்துக்கொண்டு போனான். இரண்டாவது ஆளின் வேலை திறந்திருப்பதையெல்லாம் மூடுவது. அவன் கதவை மூடினான், ஜன்னலை மூடினான், குழாயை மூடினான், குழம்புச் சட்டியை மூடினான், போதகர் மனாசே ஐயா பிரசங்கத்துக்குத் திறந்து வைத்திருந்த வேதாகமத்தை மூடினான், எதிர்வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்த கனகத்தின் வாயையும் இரண்டு விரலால் மரியாதையாக மூடினான். மூன்றாவது ஆளின் வேலை பழைய பெயர்களைப் புதுசுக்குக் கொண்டுபோவது. அவன் தெரு நடுவில் நின்று ஒவ்வொருவருடைய ஞானஸ்நானப் பெயரையும் பிறந்த வருஷத்தையும் உரக்க வாசித்தான், கனகத்துக்கு ஐம்பத்திரண்டு இல்லை, அறுபத்தொன்று என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, அவளுக்கு வாய் மூடியிருந்ததால் மறுக்கவும் முடியவில்லை. நான்காவது ஆளின் வேலை குறுக்குவழி உண்டாக்குவது. பதினோரு வருஷமாகப் பேசாமலிருக்கிற அண்ணன் தம்பி இரண்டு பேரின் வீட்டுக்கும் நடுச்சுவரில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வழி போட்டுவிட்டுப் போனான். ஐந்தாவது ஆள் சாது. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, கடைசி வீட்டில் "எல்லாம் சரியா?" என்று கேட்டுக்கொண்டு திரும்பிப் போய், "எல்லாம் சரி" என்று சொல்ல வேண்டியது ஒன்றுதான் அவன் வேலை.

நாலு பேர் திரும்பிப் போனார்கள். ஐந்தாவது ஆள் போகவில்லை.

உடனே பச்சைப் பட்டை வலமிருந்து இடமாகப் பின்னால் ஊர ஆரம்பித்தது. ஐந்து பேரும் முதுகு முன்னால் வர நடந்து வந்து, செய்ததையெல்லாம் திரும்ப எடுத்தார்கள். கட்டில் பழைய இடத்துக்குப் போயிற்று, சுவர் அடைத்துக்கொண்டது, கனகத்துக்கு மறுபடி ஐம்பத்திரண்டு வயசாயிற்று. அதோடு நின்றதா? பத்தரைக்கு மேல் தெருவில் யார் யார் என்னென்ன செய்தார்களோ எல்லாமே திரும்பிற்று. வெந்த இட்லி மாவாகிப் பாத்திரத்துக்குள் இறங்கியது. நறுக்கின வெங்காயம் முழு வெங்காயமாகி உருண்டது. நாவிதர் போனிபாஸ் சிரைத்த தாடியெல்லாம் மோவாயில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பேசின பேச்சுகூடப் பேசினவர்கள் வாய்க்கே திரும்பி வந்தது. தெருவெல்லாம் ஆட்கள் நின்று நின்று எதையோ விழுங்கினார்கள். திட்டினது வேப்பெண்ணெய் மாதிரி கசந்தது, புகழ்ந்தது கருப்பட்டி மாதிரி இனித்தது, வதந்தி பேசினவர்களுக்கு அன்று முழுக்க விக்கல்.

செவ்வாய்க்கிழமையும் சீலி அமுக்கினாள். செவ்வாய்க்கிழமையும் இதேதான்.

புதன்கிழமைக்குள் ஊர் பழகிவிட்டது. ஒரு ஊர் எதற்குத்தான் பழகாது? பெண்கள் பத்தரைக்குள் சமையலை முடித்தார்கள்; முடியாதவர்கள் பத்தேமுக்காலுக்கு மேல் அடுப்பு பற்றவைத்தார்கள். உப்பு கூடிப்போன குழம்பு வைத்தவர்கள் மட்டும் பட்டை எப்போது திரும்பும் என்று ஆபீஸ் வாசலில் சட்டியோடு காத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பத்தரைக்கு எழுதின பரீட்சை வெள்ளைத்தாளாகி, வாத்தியாருக்குத் திருத்த ஒன்றும் இல்லாமல் போயிற்று. போனிபாஸ் மட்டும் டீக்கனின் ஒரே தாடியை மூன்று நாளில் மூன்று தடவை சிரைத்து, "இது தாடியில்ல ஐயா, அருகம்புல்லு" என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

எல்லாவற்றையும்விடப் பேச்சுத்தான் பெரிய வசதியாகப் போயிற்று. புதன்கிழமை சாயங்காலம் சபைக் கமிட்டி கூடி, பட்டை திரும்பும்போது வாய்க்குத் திரும்பிப் போன பேச்சைப் பேசாத பேச்சாகவே கொள்ள வேண்டும், அதற்காக யாரும் யாரோடும் கோபம் கொள்ளக் கூடாது, அழவும் கூடாது என்று தீர்மானம் போட்டது. அன்றிலிருந்து அதற்குப் 'பத்தரை மணிப் பேச்சு' என்று பெயர். மருமகள் மாமியாரிடம் சொல்ல நினைத்தது, மாமியார் மருமகளிடம் சொல்ல நினைத்தது, கொயர்ப் பாட்டுக்காரர்கள் ஆர்மோனியக்காரரிடம் பத்து வருஷமாகச் சொல்ல நினைத்தது, எல்லாம் பத்தரை மணிக்குச் சொல்லப்பட்டு, பத்தேமுக்காலுக்கு விழுங்கப்பட்டது. போதகரிடமே ஒருவர், "ஐயா, உங்க பிரசங்கம் நீளம்" என்றார். ஐயா, "உம்ம குறட்டையும் நீளந்தான்" என்றார். இருவரும் கொஞ்ச நேரத்தில் விழுங்கிவிட்டுக் கைகுலுக்கிக்கொண்டார்கள். கமலாபாய் தினமும் பத்தரைக்குக் குடை பிடித்துக்கொண்டு கோயில் ஆபீசுக்கு வந்தாள். சீலியிடம் என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிவிட்டு, வாயைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு, வார்த்தை திரும்பி வருவதற்காக வாசலிலேயே நின்றாள். சீலி தலை நிமிராமல் வேலை பார்த்தாள். பேசாத பேச்சுக்கு அழக்கூடாது என்பது தீர்மானம்.

ஊர் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஞாயிறு வந்துகொண்டிருந்தது.

சீலி எதையும் பார்க்காமல் விட்டவளில்லை. பென் டிரைவைத் துடைத்துப் பார்த்தாள். டீக்கன் சொன்னதைக் கேட்டு அந்த ஐந்து பேருக்கும் செருப்பு வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். பட்டை திரும்பியபோது செருப்பு கடைக்குப் போய்விட்டது. போதகர் ஐயா, "இது சாத்தானுடைய கிரியையா இருக்குமோ?" என்றார். "சாத்தான்னா ஒரு தடவையாவது இன்ஸ்டால் முடிஞ்சிருக்கும் ஐயா" என்றாள் சீலி. கடைசியில் அவள் என் வீட்டுக்கு வந்து, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற என் மகள் லில்லிக்குப் போன் போடச் சொன்னாள்.

லில்லி எல்லாவற்றையும் கேட்டாள். ஆட்கள் வெளியே வருகிறார்கள் என்றதற்கு அவள் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. "அதெல்லாம் பேக்கேஜ் செய்தவங்க சொந்தமா எழுதிச் சேர்த்த கமாண்டு அக்கா. அதுகதான் எப்பவும் படுத்தும். பேக்கேஜுக்கு அதுக என்ன செய்யுதுன்னு தெரியாது. அனுப்பும், திரும்பி வருதான்னு காத்திருக்கும், சொன்ன நேரத்துக்குள்ள வரலேன்னா எல்லாம் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு மொத்தத்தையும் திரும்ப எடுத்துரும். வேலை ஒழுங்கா நடந்திருந்தாலும் சரி, வந்து சொல்லலேன்னா தோல்விதான்."

"அப்ப யாரு வரலேன்னு எப்படிக் கண்டுபிடிக்க லில்லி?" என்றாள் சீலி.

"லாக் எடுக்கச் சொல்லி ஓட்டுங்க. பேக்கேஜ் ஒவ்வொரு அடியும் எழுதி வைக்கும். அதைக் கடைசியில இருந்து மேல படிக்கணும். முதல்ல இருந்து படிச்சா கிழவியாயிருவீங்க."

வியாழக்கிழமை லாக் அச்சாகி வந்தது. வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கோயில் நடுப்பாதையில் பீடத்திலிருந்து வாசல்வரை விரித்தும் இன்னும் முற்றத்துக்குப் போயிற்று. நல்ல வேளை, பட்டை திரும்பினாலும் லாக் மட்டும் அழியாதாம். அழிந்தால் பிறகு அது என்ன லாக் என்றாள் லில்லி. பெண்கள் சங்கத்தார் எல்லோரும் முழங்காலில் நின்று ஆளுக்கொரு முழம் படித்தோம். வாசல் பக்கத்துக் கடைசி முழத்தில் இருந்தது: 'ஐந்தாவது ஆள் போனான். பத்து நிமிஷம் காத்திருந்தது. ஆள் வரவில்லை. எல்லாவற்றையும் திரும்ப எடு.'

"அந்தச் சாதுவா?" என்றாள் கனகம். "அவன் என் வீட்டுல ரெண்டு பணியாரம்தானே தின்னான்!"

சீலி அந்த ஒரு கமாண்டை மட்டும் அமுக்கி, ஐந்தாவது ஆளைத் தனியாக வரவழைத்துத் தெருக்கோடிவரை கூடவே நடந்து போய்ப் பார்த்தாள். ஆறு நிமிஷத்தில் போய், "எல்லாம் சரியா?" என்று கேட்டுத் திரும்பி வந்துவிட்டான். அவள் அப்படி விறுவிறுவென்று கூட வந்ததால் எந்த வீட்டிலும் யாரும் அவனை நிறுத்தவில்லை. மறுபடி லில்லிக்குப் போன்.

"கையால ஓட்டினா ஓடுது, பேக்கேஜ் அனுப்பினா நிக்குது. அப்படித்தானே? அப்ப நடுவுல யாரோ அதுகிட்ட எதையோ சொல்லி நிறுத்தி வச்சிருக்காங்க அக்கா. நம்ம கண்ணுக்குத் தெரியாம எங்கேயோ நின்னுக்கிட்டு, முடியட்டும்னு காத்திருக்கு. அதுவா வந்துரத் தெரியாது."

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு சீலி அமுக்கிவிட்டு, கமலாபாய் பேச ஆரம்பிக்குமுன்னே பின்வாசலால் இறங்கி ஐந்தாவது ஆளுக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கிப் போனாள். அவனை வீடு வீடாக உள்ளே கூப்பிடுவதைப் பார்த்தாள். எங்கள் ஊரில் படி ஏறி வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்ப மாட்டோம். டீக்கன் வீட்டில் தண்ணீர், கனகம் வீட்டில் பணியாரம், போனிபாஸ் வீட்டில் கருப்பட்டிக் காப்பி. எல்லாம் நின்ற நிலையில், ஆறு நிமிஷத்துக்குள் முடிந்தது. மிச்சம் நாலு நிமிஷம் இருந்தது. இருந்தது கடைசி வீடு. கடைசி வீடு என் வீடு.

எங்கள் ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. வந்தவர்களை ஜெபம் பண்ணாமல் அனுப்பக் கூடாது.

அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியவே தெரியாது என்றால் நம்ப மாட்டீர்கள். அந்தப் பிள்ளை தினமும் வந்து, "எல்லாம் சரியா?" என்று கேட்பான். எத்தனை பேர் நம்மிடம் அப்படிக் கேட்கிறார்கள்? நான், "ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிட்டுப் போங்க தம்பி" என்று கண்ணை மூடுவேன். மூத்தவனுடைய முதுகுவலியில் ஆரம்பிப்பேன். அப்புறம் அவன் மனைவி, பிள்ளைகள், அவர்கள் வீட்டுத் தண்ணீர்க் கஷ்டம், லில்லி, லில்லியோடு தங்கியிருக்கிற பிள்ளைகள், கடைக்குட்டி, கடைக்குட்டியின் மேலதிகாரிக்கு நல்ல மனசு, ஊரில் சுகமில்லாதவர்கள், போதகர் ஐயாவின் தொண்டை, மழை. இத்தனையும் போய்க் கடைசியில்தான் முக்கியமானதற்கு வருவேன்: ஆண்டவரே, சீலிக்கு அந்தப் பேக்கேஜ் ஏறட்டும், ஓலை அச்சாகட்டும், கல்யாணம் நடக்கட்டும். ஆனால் ஒரு நாளும் ஆமென் வரை போனதில்லை. பாதியில் வாயெல்லாம் கருப்பட்டி மாதிரி இனிக்கும், கண்ணைத் திறந்தால் ஆள் இருக்க மாட்டான். ஆமென் சொல்லாமல் போகிற பிள்ளை என்று நினைத்து, இன்னொரு தடவை முதலிலிருந்து ஜெபிப்பேன்.

அன்றைக்கு இரண்டாம் தடவையும் ஜெபித்துவிட்டுக் கண்ணைத் திறந்தபோது எதிரே சீலி நின்றாள். முருங்கைமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"சித்தி, எனக்காகவா ஜெபம் பண்ணினீங்க?"

"பின்னே? தினமும் உனக்காகத்தான்ட்டி."

"முதல் தடவை என் பேரு வாரதுக்கு முந்தியே பட்டை திரும்பிருச்சு சித்தி."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். பாருங்கள், ஐந்து நாளாக ஒரு பிள்ளையின் கல்யாணத்தை மறித்துக்கொண்டு நின்றது, அந்தக் கல்யாணத்துக்கான ஜெபம். லில்லிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் அந்தப் பக்கம் மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "எம்மா, நீ ஜெபம் பண்ணாதேன்னு நான் சொல்ல மாட்டேன். இருபது வருஷமா நீ பண்ணித்தான் நாங்க இருக்கோம். ஒரு நிமிஷத்துல முடி" என்றாள்.

ஒரு நிமிஷம். பூனை குறுக்கே போனால்கூட அதற்காக ஒரு நிமிஷம் ஜெபிக்கிறவளிடம் இதைச் சொன்னால்?

ஆனாலும் சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கே முழங்காலில் நின்றேன். உள்ளே இருக்கிறதையெல்லாம் மதகைத் திறந்துவிட்ட மாதிரி விட்டுவிட்டேன். மூத்தவனில் ஆரம்பித்து, கப்பற்காரர்கள், கப்பல், கப்பலுக்குக் கீழே இருக்கிற மீன்கள்வரை வந்துவிட்டேன். பத்தரைக்கு என்னிடம் மிச்சம் ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு பெயர் மட்டும் வெளியே போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஊரும் ஒத்துழைத்தது. டீக்கன், போனிபாஸ் மறுபடி கத்தியை எடுத்து அப்போதுதான் சிரைத்துவிட்ட மோவாயோடு, வாசலிலேயே தண்ணீர் டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றார். கனகம் பணியாரத்தை வாழை இலையில் கட்டிக் கையில் கொடுத்து, "போற வழியில தின்னுக்கோ ராசா, நிக்காதே" என்றாள். ஐந்தாவது ஆள் ஐந்தாம் நிமிஷத்தில் என் படியில் நின்றான்.

"எல்லாம் சரியா?"

"ஆண்டவரே, சீலி. ஆமென்."

அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். "அவ்வளவுதானா?" என்றான். முகம் வாடிப்போயிற்று, அந்தப் பிள்ளைக்கும் பழகியிருக்கும்போல. "அவ்வளவுதான் தம்பி, ஓடுங்க" என்று, வழியில் யாரும் நிறுத்திவிடக் கூடாதே என்று நானும் அவன் பின்னால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

நாங்கள் ஆபீஸ் முற்றத்துக்கு வந்தபோது கமலாபாய் அன்றைய பேச்சை முடிக்கும் இடத்தில் இருந்தாள். கடைசி நாள் என்று கொஞ்சம் பெரிதாகவே வைத்திருந்தாள். தெருவே நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

"முப்பத்தாறு வயசுல உனக்கு என்னத்துக்குட்டி பட்டுச் சேலை? என் தம்பிகூட மணவறையில நின்னா, அவனுக்குப் பாடம் சொல்லிக் குடுக்க வந்த டீச்சர்னு நினைப்பாங்க."

ஜெபசிங் வேலிப்பக்கம் நின்று, "அக்கா, போதும்" என்றார்.

"இருக்கட்டும்லே. பத்தரை மணிப் பேச்சுதானே" என்று சொல்லிவிட்டுக் கமலாபாய் வழக்கம்போல வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது ஆள் அவளைத் தாண்டி உள்ளே போனான். "எல்லாம் சரி" என்று அவன் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பச்சைப் பட்டை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு வலப்பக்கம் போய்க் கடைசிவரை நிரம்பியது. அறைக்குள் பிரிண்டர் உறுமி, நம்பர் போட்ட ஒரு தாளை வெளியே தள்ளியது. ஐந்து பேரையும் பிறகு யாரும் பார்க்கவில்லை.

கமலாபாய் வாயைத் திறந்தபடியே நின்றாள். இட்லி இட்லியாகவே இருந்தது. டீக்கனின் மோவாய் வழுவழுப்பாகவே இருந்தது. கனகத்துக்கு அறுபத்தொன்று. கமலாபாயின் வாய்க்கு ஒன்றுமே திரும்பி வரவில்லை. அவள் சொன்னது முற்றத்தில், வெயிலில், எல்லோருக்கும் நடுவில் கிடந்தது. சீலி பிரிண்டர் தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து கமலாபாயைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போனாள். கமலாபாய் வெறும் வாயை மூடிக்கொண்டு குடையை விரிக்கக்கூட மறந்து வீட்டுக்குப் போனாள்.

அச்சடித்த ஓலை வந்துவிட்டது. ஆனால் இப்போது எல்லோருக்கும் வேறொரு பயம். அப்படியொரு வார்த்தை நிற்கிற வீட்டுக்கு அந்தப் பிள்ளை போவாளா? ஜெபசிங் சாயங்காலம் சீலி வீட்டு வாசலில் போய் நின்று, "நான் என்ன சொல்லட்டும் சீலி?" என்று கேட்டாராம். "நீங்க சொன்னது ஒண்ணும் இல்லையே, திரும்ப எடுக்க" என்றாளாம் அவள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒரு குழந்தைகூட அழவில்லை. போதகர் மனாசே ஐயா மூன்றாம் ஓலையை விரித்து, கண்ணாடியைச் சரிசெய்து, நம்பரையும் பெயர்களையும் வாசித்து, தடை சொல்பவர் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்றார். பெண்கள் பக்கத்தில் கமலாபாய் எழுந்து நின்றாள்.

அந்தக் கோயிலில் ஓலைக்கு யாரும் எழுந்து நின்றதே இல்லை. போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா கமலாபாய்?" என்றார்.

"ஐயா, நேத்துப் பத்தரை மணிக்கு நான் ஒண்ணு சொன்னேன். தானா திரும்பி வரும்னு பார்த்தேன், வரல்ல. நானே எடுத்துக்கிடுதேன்."

அப்படிச் சொல்லிவிட்டு, சபை முழுவதும் பார்க்க, அவள் விழுங்கினாள். லேசில் இறங்கவில்லை. முருங்கைக்காய்ச் சக்கையை விழுங்கினவள் மாதிரி கண்ணெல்லாம் கலங்கி, கழுத்து நரம்பு புடைத்து, ஒரு கையால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். சீலி தன் இடத்திலிருந்து எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலை மூடி திறந்து நீட்டினாள். "மெதுவா மதினி, மெதுவா" என்று முதுகைத் தடவிவிட்டாள். முழுப் பாட்டிலும் காலியாயிற்று.

போதகர் ஐயா தாளும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். "அப்ப, தடை உண்டா, இல்லையாம்மா? எனக்குப் பதிவு பண்ணணும்."

கமலாபாய் வாயைத் துடைத்துக்கொண்டாள். "தடையா? என்னய்யா கேள்வி இது? நாளைக்குக் கல்யாணத்தை வச்சுக்கிட்டு இவ இன்னும் மருதாணி வைக்கல, பாருங்க கையை" என்று சீலியின் கையைப் பிடித்துத் தூக்கிச் சபைக்குக் காட்டினாள்.